டன்வுடி கோட்டையின் அடையாளச் சொல்

கோட்டை என்று அதைச் சொன்னால் உலகத்தில் உள்ள மற்றக் கோட்டைகளெல்லாம் கோபித்துக்கொள்ளும். ஓக் மரங்களை வெட்டி, நுனியைச் சீவி, வரிசையாக நட்டு, நடுவில் நாலு குடிசை போட்டிருந்தார்கள். மலைமேட்டில் கட்டலாம் என்று ஒரு யோசனை வந்தது, ஊற்றைச் சுற்றிக் கட்டலாம் என்று இன்னொன்று வந்தது. இரண்டும் தோற்று, கடைசியில் ஆர்ச்சிபால்டு டன்வுடியின் சோளக் காட்டு ஓரத்தில் கட்டினார்கள். வேறு யாருடைய நிலத்தில் கட்டினாலும் தான் வரமாட்டேன் என்று டன்வுடி முறுக்கிக்கொண்டதுதான் காரணம். ஊற்று பாட்டுக்கு வேலிக்கு வெளியே நாற்பது அடி தள்ளி ஊறிக்கொண்டிருந்தது.

அந்த ஊற்றைப் பார்க்கும்போதெல்லாம் எல்ஸ்பெத் பல்லைக் கடிப்பாள். அன்று காலை அவளுக்குப் பல்லைக் கடிக்கக்கூட நேரமில்லை. அவள் தங்கை ஜெனட்டுக்கு முந்தின நாள் மத்தியானம் இடுப்பு வலி எடுத்தது. தலைச்சன் பிரசவம். விடிந்து நெடுநேரமாகியும் பிள்ளை வரவில்லை. ஜெனட்டின் புருஷனோ ரோந்துப்படையோடு மேற்கு முகட்டில் இருந்தான், திரும்பிவர ஒரு வாரமாகும். பெற்றவர்கள் இருவரும் எப்போதோ போய்விட்டார்கள். ஜெனட்டுக்கு ஆள் என்று இருந்தது அக்கா ஒருத்திதான்.

பிரசவம் பார்த்துக்கொண்டிருந்த மெக்லூர் வீட்டம்மா வெளியே வந்து கையைத் துடைத்தாள்.

"புள்ள குறுக்கே கெடக்கு. உள்ளே கைவிட்டுத் திருப்பணும். எனக்கு அது தெரியாது, தெரிஞ்ச மாதிரி நடிச்சு அவளைக் கொல்லவும் மாட்டேன். ஓடைக்கு அந்தப்புறம் இருக்கிற ஜெர்மன்காரியைக் கூட்டிட்டு வாங்க. இல்லைனா ரெண்டு உசுரும் போயிரும்."

ஜெர்மன்காரி என்றது அப்பொலோனியா வைட்ஸெலை. ஓடைக்கு அந்தப்புறம் இருந்த ஜெர்மன் குடும்பங்கள் கோட்டைக்குள் வரவில்லை. வைட்ஸெல் வீடு கல்வீடு, இரண்டடிச் சுவர். "உங்க குச்சி வேலிக்குள்ள வந்து என் மாடு உங்க பேனோட படுக்கணுமா?" என்று அப்பொலோனியாவின் புருஷன் டன்வுடியின் முகத்துக்கு நேரே கேட்டுவிட்டான். டன்வுடி அதை மறக்கவில்லை.

ஷானிப் பழங்குடியினர் மலைக்கு அப்பாலிருந்து சண்டைக்குக் கிளம்பிவிட்டார்கள் என்று ஆகஸ்டில் சேதி வந்தது. அவர்கள் வேட்டையாடிய நிலத்தில்தான் இவர்கள் சோளம் போட்டிருந்தார்கள். அது எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சேதி வந்த அன்றே பதினோரு குடும்பமும் சட்டிபானையோடு உள்ளே வந்து அடைந்துகொண்டன. இப்போது அக்டோபர். இந்த இரண்டு மாதத்தில் கோட்டையின் துப்பாக்கிகள் ஒரே ஓர் உயிரைத்தான் பறித்திருந்தன. அது மூடுபனியில் வழிதவறி வந்த டன்வுடியின் சொந்தக் குதிரை.

குடிப்படைக்குக் கேப்டனை ஆட்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பது அந்தப் பக்கத்து வழக்கம். டன்வுடி ஒரு பீப்பாய் விஸ்கியோடு வந்து நின்றார். அவரை எதிர்த்து நின்றவர் வெறுங்கையோடு வந்து, தனக்குச் சண்டை தெரியும் என்றார். ஓட்டு எங்கே விழுந்தது என்று சொல்லவேண்டியதில்லை. ஓட்டில் வந்தவரானதால் டன்வுடிக்கு ஓட்டின் மேல் அப்படியொரு பக்தி. காவலுக்கு யார் என்று ஓட்டு, கழிப்புக்குழி எங்கே வெட்டுவது என்று ஓட்டு. மழை வருமா வராதா என்றுகூட ஒருநாள் ஓட்டு எடுத்தார்கள். வராது என்பது ஜெயித்தது. எல்லோரும் தொப்பலாக நனைந்தார்கள்.

அன்றும் அதே கூத்துதான். அப்பொலோனியாவைக் கூப்பிட ஆள் அனுப்பலாம் என்பவர்கள் குதிரைத் தொட்டிப் பக்கம், வேண்டாம் என்பவர்கள் விறகுக் குவியல் பக்கம் என்று கேப்டன் கையை நீட்டினார். பரணில் காவலுக்கு நின்ற இருவர் போக, பதினான்கு ஆண்கள் முற்றத்தில் தலையைச் சொறிந்துகொண்டு நகர்ந்தார்கள். தொட்டிப் பக்கம் ஆறு பேர், விறகுப் பக்கம் எட்டுப் பேர்.

"இந்த மூடுபனி விலகட்டும்மா," என்றார் கேப்டன். "ஒரு பொம்பளைக்காக இத்தனை குடும்பத்தையும் ஆபத்துல விடலாமா? நீயே சொல்லு."

"பனி விலகற வரைக்கும் புள்ளைய உள்ளேயே இருக்கச் சொல்லட்டுமா? அதுக்கும் ஒரு ஓட்டு எடுத்துருங்க," என்றாள் எல்ஸ்பெத்.

விறகுப் பக்கத்தில் ஒருவன் சிரித்தான். அவன் முகத்தை அவள் மனத்தில் குறித்துக்கொண்டாள்.

போவது ஒரு பாடு என்றால், போய்த் திரும்பி உள்ளே வருவது அதைவிடப் பெரிய பாடு. அதற்குக் காரணம் அடையாளச் சொல். ஒவ்வொரு கோட்டையிலும் அடையாளச் சொல் ஒன்று இருக்கவேண்டும் என்று போன வாரம் குடிப்படைக் கர்னலிடமிருந்து கடிதம் வந்தது. எல்லாவற்றுக்கும் ஓட்டு எடுக்கிற டன்வுடி இதற்கு மட்டும் எடுக்கவில்லை. கடலுக்கு அப்பால் அல்ஸ்டரில் தன் அப்பா பிறந்த குக்கிராமத்தின் பெயரையே வைத்துவிட்டார்: ஆஃநலோஃ. நம்முடைய ஆய்த எழுத்தைத் தொண்டைக்குள் கொண்டுபோய்ச் சளியைக் காறுவதுபோல் இழுத்துச் சொன்னால் ஒருவாறு வரும். ஒரு பெயருக்குள் இரண்டு முறை காறவேண்டும்.

ஐம்பதைத் தாண்டிய ஆட்கள், அங்கே பிறந்து கப்பலேறி வந்தவர்கள், சுலபமாகச் சொன்னார்கள். இந்த மண்ணில் பிறந்த மற்றவர்களுக்கு அந்தத் தொண்டை எப்போதோ அடைத்துப்போயிருந்தது. கேப்டன் அவர்களை வரிசையாக நிறுத்திப் பழக்கினார். ஆக்நலோக், ஆக்நலோக் என்று முற்றம் முழுக்க ஒரே சத்தம். எல்ஸ்பெத்தின் புருஷன் ஹியூ முக்கி முக்கிச் சொல்லிப் பார்த்ததில் காலையில் குடித்த சோளக்கூழ் வெளியே வந்ததுதான் மிச்சம்.

"வாத்து கத்துற மாதிரி இருக்கு. தொண்டையிலருந்து வரணும்யா!" என்றார் கேப்டன். "நம்ம ஆளுங்களைத் தவிர எவன் வாயிலயும் வராது. அதுதான் இதோட அழகு."

"நம்ம ஆளுங்க வாயிலயே வரலையே, கேப்டன்," என்றாள் எல்ஸ்பெத்.

"பழகினா வரும்."

கூடவே ஒரு உத்தரவும் போட்டார். குரலை நம்பக்கூடாது. சொந்தப் பெண்டாட்டி கூப்பிட்டாலும் சரி, அவள் முதுகில் யாராவது கத்தியை வைத்துக் கூப்பிடச் சொல்லியிருக்கலாம். சொல் சரியாக வந்தால்தான் கதவு. குதிரையைப் பறிகொடுத்த மனுஷர், அவர் பயமும் ஒரு வகையில் நியாயம்தான் என்று பலர் தலையாட்டினார்கள்.

காலையில் பெண்கள் வாளியோடு ஊற்றுக்குப் போக இருவர் துப்பாக்கியோடு கூட வருவார்கள். அன்று எல்ஸ்பெத்தும் வாளியை எடுத்துக்கொண்டாள். ஊற்றில் வாளியை வைத்தாள், பாவாடையைத் தூக்கிச் செருகினாள், பனிக்குள் நடந்தாள். பின்னாலிருந்து யாரோ பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது கேட்டது. அவளைத் துரத்துவதா வேண்டாமா என்று ஓட்டு எடுப்பதற்குள் ஓடை வந்துவிடும் என்று அவளுக்குத் தெரியும். ஓடினாள்.

அப்பொலோனியா தன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து தொட்டி நிறைய முட்டைக்கோஸைச் சீவி உப்புப் போட்டுக்கொண்டிருந்தாள். அறுபது வயது, அகலமான உடம்பு, சின்னக் கைகள்.

"எவ்வளவு நேரமா வலி?"

"நேத்து மத்தியானத்துலருந்தும்மா. குறுக்கே கெடக்காம்."

கத்தி கீழே விழுந்தது. "ஏன் இவ்வளவு நேரம்?"

"உங்களைக் கூப்பிடலாமான்னு ஓட்டு எடுத்தாங்க."

"தோத்துட்டேனா?"

"ரெண்டு ஓட்டுல."

"பரவாயில்லையே. நான் நெனச்சதைவிட நெறையவே விழுந்திருக்கு," என்று சொல்லிக்கொண்டே பையை எடுத்தாள், பன்றிக்கொழுப்பு ஜாடியை எடுத்தாள், புருஷனைப் பார்த்துத் தன் மொழியில் ஏதோ அதட்டினாள். அவன் உடனே குதிரைக்குச் சேணம் போட்டான். அங்கே யாரும் ஓட்டு எடுக்கவில்லை. எல்ஸ்பெத்துக்கு அழுகையே வந்துவிட்டது.

ஒரே குதிரையில் இருவரும் ஓடையைக் கடந்து மேடேறினார்கள். பனி இன்னும் பால்போல் நின்றது. கோட்டை கண்ணில் படுவதற்கு முன்பே ஜெனட்டின் கதறல் காதில் விழுந்தது. அந்த மரச்சுவரால் ஒரு சத்தத்தைக்கூட உள்ளே வைத்துக்கொள்ள முடியவில்லை.

"யார் அது? நில்லு!" பரணிலிருந்து வந்தது ஹியூவின் குரல்.

"நான்தான். கதவைத் திற."

"நான்தான்னா யாரு?"

"பத்து வருஷமா உனக்குச் சோளக்கூழ் காய்ச்சிப் போடுறவ!"

மேலே குசுகுசுவென்று பேச்சு. "எல்ஸ்பெத் மாதிரிதான் இருக்கு," என்று ஹியூ பக்கத்தில் நின்றவனிடம் சொன்னது நன்றாகவே கேட்டது.

"மாதிரி என்னய்யா மாதிரி!"

"கோவிச்சுக்காதே எல்ஸ்பெத். அந்தச் சொல்லை மட்டும் சொல்லிடு, தொறந்துடறேன்."

"ஆக்நலோக்."

"இல்ல."

"ஆக்ஹ்நலோக்."

"கிட்டத்துல வந்துட்டே. இன்னொரு தடவை சொல்லு."

"நீ சொல்லு பாப்போம். நீ சரியாச் சொல்லிட்டா நான் இப்படியே திரும்பிப் போயிடறேன்."

"நான்தான் உள்ளே இருக்கேனே. எனக்கு எதுக்கு?" என்றான் ஹியூ.

அவளுக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த வேலியையே பிடுங்கி எறிந்திருப்பாள். கையில் அகப்பட்ட கல்லை எடுத்துக் கதவில் அடித்தாள். உள்ளே ஜெனட் மறுபடி கத்தினாள்.

"கேக்குதா உனக்கு? அவளைவிடவா உனக்கு ஒரு சொல் பெருசு?"

"உள்ளே இருபத்தேழு புள்ளைங்க இருக்கு, எல்ஸ்பெத்." என்றான் அவன். "பனியில என் துப்பாக்கி நுனியே எனக்குத் தெரியல. உன் பின்னால யாரு நிக்கிறான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"அப்பொலோனியா அம்மா நிக்கிறாங்க. கையில கொழுப்பு ஜாடியோட!"

"அதையும் உன்னைச் சொல்ல வெச்சிருக்கலாமில்ல?"

அவன் கோழை இல்லை என்று அவளுக்குத் தெரியும். போன வருஷம் வெள்ளத்தில் அடுத்தவன் கன்றுக்குட்டிக்காகக் குதித்தவன். நல்ல மனுஷன் ஒருத்தன் ஒரு மூடத்தனமான உத்தரவைப் பிடித்துத் தொங்கும்போது வருகிற எரிச்சல், கெட்டவன்மேல்கூட வராது. அவள் வாய்க்கு வந்தபடி திட்டினாள். அவன் அம்மாவைத் திட்டினாள், அல்ஸ்டரைத் திட்டினாள், டன்வுடியின் அப்பா அந்த ஊரில் போய்ப் பிறந்ததைத் திட்டினாள். அவன் ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னான். நேரம் போய்க்கொண்டிருந்தது.

அப்பொலோனியா அவள் தோளைத் தொட்டாள். "நிறுத்து பொண்ணே. என்ன சொல் அது?"

"அவங்க பழைய ஊர்ப் பேரும்மா. தொண்டையிலருந்து வரணுமாம். ஆக்… ஆக்…"

"ஆஃநலோஃ," என்றாள் அப்பொலோனியா.

இரண்டு காறலும் இரண்டு ஆணி அடித்ததுபோல் சுத்தமாக விழுந்தன. பிறகு தடதடவென்று யாரோ ஏணியில் ஏறினார்கள்.

"யாரது? இப்பச் சொன்னது யாரு?" கேப்டன் டன்வுடியின் குரல். அதில் அப்படியொரு சந்தோஷம். "எங்கப்பா சொல்ற மாதிரியே இருக்கே! எங்க ஊர்க்காரங்க யாரோ வந்திருக்காங்க! எந்தக் கப்பல்ல வந்தீங்கம்மா?"

"ஓடைக்கு அந்தப்பக்கத்துலருந்து வரேன். குதிரையில. வைட்ஸெல் பெண்டாட்டி. கதவைத் திற."

கேப்டன் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தார். "ஜெர்மன்காரி வாயில இது எப்படி வந்தது?"

"எங்க பாஷையில பாதிச் சொல் இப்படித்தான் இருக்கும். எங்க வீட்டு நாயைக்கூட இப்படித்தான் கூப்பிடறோம்."

பரணில் ஒருவன் களுக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்தினான். கேப்டனுக்கு அது போதுமாக இருந்தது. அப்பாவின் ஊரை ஒரு நாயோடு சேர்த்துவிட்டாள் ஒருத்தி, அதுவும் வைட்ஸெலின் பெண்டாட்டி.

"அப்ப இந்தச் சொல் கெட்டுப்போச்சு," என்றார். "வெளியாள் வாயில வந்த சொல் செல்லாது. புதுசா ஒண்ணு வெச்சாகணும், அதுக்கப்புறம்தான் கதவு. எல்லாரும் முற்றத்துக்கு வாங்க. ஓட்டு!"

எல்ஸ்பெத்துக்குக் காதை நம்ப முடியவில்லை. சொல் வரவில்லை என்று ஒருத்தியை வெளியே நிறுத்தினார்கள், சொல் வந்துவிட்டது என்று இன்னொருத்தியை வெளியே நிறுத்துகிறார்கள். மரச்சுவருக்கு அப்பால் ஆண்கள் கூடிப் பேசும் சத்தம் கேட்டது. தங்கள் ஊர்ப் பெயரை வைக்கலாம் என்றார் ஒருவர். அந்த ஊர்க்காரர்கள் ஏற்கெனவே ஆணவம் பிடித்தவர்கள், கூடாது என்றார் இன்னொருவர். "வெண்ணெய்னு வைக்கலாமே," என்றான் ஒருவன். வெண்ணெய் எல்லோருக்கும் வாயில் வருமே, அப்புறம் எப்படி அடையாளச் சொல்லாகும் என்று கேட்டார்கள். அதையும் விவாதித்தார்கள்.

அப்போது ஜெனட்டின் கதறல் நின்றது.

தேய்ந்து அடங்கவில்லை. பாதியில் அறுந்தது. எல்ஸ்பெத் காதைக் கதவோடு வைத்துக் கேட்டாள். வெண்ணெய், வெண்ணெய் என்ற பேச்சு மட்டும்தான் இருந்தது. அப்பொலோனியா பன்றிக்கொழுப்பை எடுத்து முழங்கை வரை தடவ ஆரம்பித்தாள்.

எல்ஸ்பெத் நிமிர்ந்து பரணைப் பார்த்தாள். திட்டுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை.

"ஹியூ," என்றாள். "அவ கத்தலை."

துப்பாக்கியைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. ஏணியில் காலடி இறங்கியது. "எங்கய்யா போற? ஓட்டு முடியலை!" என்று கேப்டன் கத்தினார். தாழ்க்கட்டை தரையில் விழுந்தது, கதவு திறந்தது. முகம் வெளுத்து நின்ற ஹியூவை இடித்துத் தள்ளிக்கொண்டு அப்பொலோனியா உள்ளே ஓடினாள்.

ஜெனட் மயங்கிக் கிடந்தாள், மூச்சு இருந்தது. அப்பொலோனியாவின் சின்னக் கை உள்ளே போய்க் காலைத் தேடிப் பிடித்துத் திருப்பியது. பெண்குழந்தை. தலை நிறையக் கருமுடி. அப்பொலோனியா அதன் வாயில் ஊதினாள், முதுகில் தட்டினாள், வெந்நீரிலும் பச்சைத்தண்ணீரிலும் மாற்றி மாற்றி முக்கினாள். அது அழவில்லை. பிறகு துணியில் சுற்றி எல்ஸ்பெத்தின் கையில் கொடுத்துவிட்டுத் தாயைப் பார்க்கத் திரும்பினாள்.

"இவ பொழச்சுக்குவா. ரத்தம் நின்னுடுச்சு," என்றாள்.

குழந்தை இன்னும் சூடாகத்தான் இருந்தது. எல்ஸ்பெத் கேட்டிருக்கக்கூடாது, கேட்டாள். "எவ்வளவு முன்னாடி வந்திருந்தா பொழச்சிருக்கும்?"

அப்பொலோனியாவுக்கு ஆறுதலுக்காகப் பொய் சொல்லும் பழக்கம் கிடையாது. "கதவுகிட்ட நின்ன நேரம் போதும்," என்றாள்.

மாலையில் ஹியூ பலகை சீவிச் சிறு பெட்டி ஒன்று செய்தான். ஊற்றுக்கு மேல்புறம் புதைத்தார்கள். அன்று முழுக்க அவனும் எல்ஸ்பெத்தும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. அப்பொலோனியா சொன்னதை அவனும் வாசலில் நின்று கேட்டிருந்தான்.

மறுநாள் பகலில் கேப்டன் டன்வுடி விசாரணை வைத்தார். குழந்தைக்காக அவரும் வருத்தப்பட்டார், பெட்டியைத் தூக்கும்போது தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். ஆனால் உத்தரவை மீறிக் கதவைத் திறந்த ஒருவனைச் சும்மா விட்டால் நாளைக்கு ஆளாளுக்குத் திறப்பான், கர்னலுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்றார். பரணில் காவலுக்கு நின்றவர்களையும் கீழே கூப்பிட்டு, ஹியூவை முற்றத்தின் நடுவில் நிறுத்தினார்கள்.

"நேத்து கதவு விஷயத்துல ஹியூ செஞ்சது தப்புன்னு நெனைக்கிறவங்க விறகுப் பக்கம். தப்பில்லைன்னு நெனைக்கிறவங்க தொட்டிப் பக்கம்."

எல்ஸ்பெத் குடிசை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். சிலர் தொட்டிப் பக்கம் போனார்கள். ஏழெட்டுப் பேர், தரையைப் பார்த்துக்கொண்டே, விறகுப் பக்கம் போனார்கள். அவர்கள் போய் நின்றதும் ஹியூவும் நடந்தான். நடந்துபோய் விறகுக் குவியல் அருகில் அவர்களோடு நின்றுகொண்டான்.

"நீ எங்கய்யா போற?" என்றார் கேப்டன். "உன்மேலதான் ஓட்டு!"

"தெரியும், கேப்டன். தப்புன்னு நெனைக்கிறவங்க இந்தப் பக்கம்னு சொன்னீங்க."

"கதவைத் திறந்தது தப்புன்னு நீயே ஒத்துக்கறியா?"

"திறந்தது இல்ல," என்றான் ஹியூ. "மொதல்ல அவ குரல் கேட்டுச்சே, எம் பொண்டாட்டி குரல், அது எனக்குத் தெரியாதா. அப்பவே திறக்கலை. அதைச் சொல்றேன்."

அவன் பக்கத்தில் நின்றவன் தொண்டையைக் கனைத்தான், காலை மாற்றி வைத்தான், பிறகு மெல்ல நகர்ந்து தொட்டிப் பக்கம் போனான். அவனுக்குப் பின்னால் இன்னொருவன் போனான். நேற்று விறகுப் பக்கம் நின்று சிரித்தவனும் போனான். ஒவ்வொருவராக எல்லோரும் போய்ச் சேர்ந்தார்கள். விறகுப் பக்கத்தில் ஹியூ ஒருவன் மட்டும் நின்றான்.

கேப்டன் விரல் விட்டு எண்ணினார். "பதினஞ்சுக்கு ஒண்ணு. தப்பில்லை. நீ போகலாம், ஹியூ."

அவன் போகவில்லை. கதவுக்கு வெளியே தான் நின்று திட்டிய அத்தனை திட்டும் எல்ஸ்பெத்துக்கு ஞாபகம் வந்தது. அவன் அம்மாவை, அல்ஸ்டரை, டன்வுடியின் அப்பாவை. ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று அவளும் நேற்றிலிருந்து எண்ணிக்கொண்டுதான் இருந்தாள்.

அந்தக் கோட்டையில் பெண்களுக்கு ஓட்டுக் கிடையாது. எல்ஸ்பெத் முற்றத்தைக் கடந்து போய் ஹியூவின் பக்கத்தில் நின்றாள். கேப்டன் அவளை எண்ணவில்லை.